எஞ்சினை இறக்குவதற்கு முன்னால்

நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில் ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1982 ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா டீஎக்ஸ் வேகன், எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. தினமும் பாடசாலைக்கு நாலு கிலோமீற்றர் ஓட்டம், மாதம் ஒருமுறை கண்டிப் பயணம். கண்டியிலிருந்து திரும்பும்போது றம்பொடை ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அரைமணி நேரம் போகிறது. ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. கடைசி வரியில், போகிற போக்கில், "இறக்கத்தில் பிரேக் கொஞ்சம் பஞ்சு மாதிரிப் போகும், ரெண்டு தரம் மிதித்தால் பிடித்துவிடும்" என்றும் எழுதியிருக்கிறார். கராஜில் ஒயில் மூடியைக் கழற்றி, உட்புறம் ஒட்டியிருந்த வெள்ளைக் கூழைக் காட்டி, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில், தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்களாம். இறக்கலாமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இறக்க வேண்டாம், தம்பி. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கடைசியில் எழுதிய பிரேக்கை நான் முதலில் எடுக்கிறேன். சூடேறிய கார் ரோட்டோரம் நின்றுவிடும். பிரேக் போன கார் நிற்காது. றம்பொடை வளைவுகளில் உங்கள் பக்கத்தில் மனைவியும் பின்னால் பிள்ளைகளும் இருக்கும்போது "ரெண்டு தரம் மிதித்தால் பிடிக்கும்" என்ற பேச்சே இருக்கக்கூடாது.

இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். இரண்டையும் காலாலேயே பிரித்துவிடலாம். பெடல் உயரமாக, கடினமாக இருக்கிறது, ஆனால் கார் வேகம் குறையவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் லைனிங்கும் பேடும் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டன. பெடல் பஞ்சாகிக் கீழே போகிறது என்றால் குறை பிரேக் ஒயிலில். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடு ஒயிலுக்கு ஏறும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. ஆவியை அழுத்தினால் சுருங்கும், அவ்வளவுதான். சக்கரத்துக்கு விசை போகாது. நம் பக்கம் வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம். தட்டில் திறந்து கிடக்கும் ஒயில் டின்கூட ஈரம் குடித்துக்கொண்டேயிருக்கும். சீல் உடைக்காத டின் மட்டும் வாங்குங்கள், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீர்கள்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு ஒரு மொரிஸ் மைனரை இறக்கினேன். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டை. மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். பாதி வழியில் பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் கியருக்கும் பிறகு முதலாம் கியருக்கும் அடித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண்மேட்டுப் பக்கம் உரசவிட்டுத்தான் நிறுத்த முடிந்தது. இடதுபக்கக் கதவு முழுக்கப் போனது. அப்பா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். அன்று இரவு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும். மத்ததெல்லாம் அப்புறம்." மூன்று வருஷமாக அந்தக் காரில் ஒயில் மாற்றாமல், குறையும்போது ஊற்றிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன் என்பது அடுத்த நாள் கழற்றியபோது தெரிந்தது. வெளியே வந்த ஒயில் கருந்தேநீர் நிறத்தில் இருந்தது.

சரி, உங்கள் கார். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு தரம் மிதியுங்கள். காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் ஒரு விரல் அளவு தானாக இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. காலை எடுக்காமல் ஒரு நிமிடம் வையுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கேயோ ஒயில் கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஒயில் திரும்பிப் போகிறது. நாலு சக்கரத்தின் உட்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் அல்லது கெலிப்பர் கசிகிறது. எங்குமே ஈரமில்லை, ஆனாலும் பெடல் தாழ்கிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர்தான்.

முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாவது மிதியில் உயர்ந்து இறுகுகிறதா? அப்படியென்றால் பின் சக்கர ட்ரம்மில் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்க வாய்ப்பு அதிகம். ட்ரம்மைக் கழற்றி லைனிங் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அட்ஜஸ்டரைத் திருப்பி இடைவெளியைச் சரியாக வையுங்கள். பழைய அட்ஜஸ்டர்கள் துருப்பிடித்து இறுகி நிற்கும். கழற்றிச் சுத்தம் பண்ணினால்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், கம்பிரசரும் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஒயில் மாற்றுவது இரண்டு பேர் வேலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் கார்களில் ஸ்டியரிங் வலதுபக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். தெளிவான ரப்பர் குழாயின் ஒரு முனையை, சக்கரத்தில் ஒயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் இருக்கிற போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் தரையைத் தொடும் முன் மூட வேண்டும். குமிழி நின்று புது ஒயிலின் நிறம் வரும்வரை இதே வேலை. நடுவில் தாங்கி வற்றினால் மறுபடி முதலிலிருந்து. எஞ்சின் ஒயிலோ ஸ்டியரிங் ஒயிலோ ஒரு துளிகூட அதில் போகக்கூடாது. ரப்பர் ஊதி முழு பிரேக்கும் கெட்டுவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இன்னொன்று. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் இறக்கும் பழக்கம் நம் ரோடுகளில் பலருக்கும் வந்துவிட்டது. எஞ்சின் நின்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடையாது, கியர் பிடிப்பும் கிடையாது. போதாததற்கு, பூஸ்டர் வேலை செய்வதே வெளிக்காற்றின் அழுத்தத்தால். நுவரெலியா உயரத்தில் அந்த அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தயவுசெய்து அப்படி இறக்காதீர்கள். பிரேக் சூடாகிவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் ட்ரம் வெடிக்கும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிளில் வரும் பையனுக்கு அந்தக் கல் தெரியாது.

இனி சூடு. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு வரும்போது 1300 மீற்றருக்கு மேல் ஏறுகிறீர்கள், அதுவும் இரண்டாம் மூன்றாம் கியரில். எஞ்சின் கடுமையாக உழைக்கும், கார் மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று குறைவு. சூட்டு முள் கொஞ்சம் உயர்வது இயல்பு. சிவப்பைத் தொடுவது இயல்பல்ல.

நான் முதலில் மாற்றச் சொல்வது ரேடியேட்டர் மூடி. மூடிதானே என்று நினைக்காதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே திறந்த சட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் வில் தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. 0.9 என்று எழுதிய மூடி ஒழுங்காக இருந்தால் அதே உயரத்தில் 115 பாகை வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி போட்டால் அந்த இருபது பாகையும் போயிற்று. கொழும்பில் அதே மூடியோடு ஓடிய கார் இங்கே வந்து கொதிப்பதற்கு இது ஒன்றே போதும். கார் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, கீழ் ரப்பரில் வெடிப்பும் பள்ளமும் இருக்கிறதா, நடுவில் இருக்கும் சின்ன வால்வ் விரலால் இழுத்தால் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். தேயிலைக் காட்டு ரோட்டோரத்தில் முகம் வெந்துபோன இரண்டு பேரை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

அடுத்து ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் அளவு அமுங்கலாம், அதற்கு மேல் தளர்ந்தால் ஏற்றத்தில் வழுக்கும். வாட்டர் பம்பின் அடிப்புறச் சின்னத் துளையில் ஈரமோ வெள்ளைத் தடமோ தெரிந்தால் பம்பின் சீல் போகத் தொடங்கியிருக்கிறது. கீழ் ஹோஸை ஒருவர் ரேஸ் பண்ணும்போது பாருங்கள்; பழைய ஹோஸ் உள்ளே உறிஞ்சிச் சப்பையாகும். நன்றாக ஓடி நின்ற எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவுங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

அந்த அடைப்புக்குக் காரணம் நாம் எல்லோரும் செய்கிற ஒரு வேலை. வழியில் பீலியைக் கண்டால் காரை நிறுத்தி, போத்தலில் பிடித்து, ரேடியேட்டரில் ஊற்றிவிடுகிறோம். அவசரத்துக்குப் பீலித் தண்ணீர் நல்லதுதான், நானும் ஊற்றியிருக்கிறேன். வருஷக்கணக்கில் வெறும் தண்ணீரே ஓடினால் இரும்பு பிளொக் துருப்பிடித்து, அந்தத் துரு ரேடியேட்டரில் படியும். தண்ணீரை வடித்துப் பாருங்கள், செம்மண் நிறத்தில் வந்தால் நன்றாகக் கழுவி, பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து நிரப்புங்கள். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும்.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்துக் கராஜ்களில் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. "மலையில் சூடாகும், அதனால் வேண்டாம்" என்பார்கள். குளிர்காலத்துக் காலையில் புல்லில் உறைபனி விழும் நுவரெலியாவில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், உங்களைப் போல நாலு கிலோமீற்றர் மட்டும் ஓடினால், ஒரு நாளும் சரியான சூட்டுக்கு வராது. பெற்றோல் கூடக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும், ஒயிலில் ஈரம் சேரும். உங்கள் காரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், இல்லாமலிருக்கத்தான் சாத்தியம் கூட. இருந்தால் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவையுங்கள். 82 பாகை என்று அடித்திருப்பது அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க 95 பாகை வேண்டும். நானுஓயாவில் சட்டி அதைத் தொடாது என்பதால், முழுக்கத் திறக்கவில்லையே என்று புதியதை வீசிவிடாதீர்கள். திறந்து, ஆறியதும் மூடினால் சரி.

இப்போது அந்த வெள்ளைக் கூழுக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது உள்ளே நீராவி உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். குளிர்ந்த ஊரில் நாலு கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் ஈரம் வெளியேறாமல், இருப்பதிலேயே குளிர்ந்த இடமான ஒயில் மூடியில் படிந்து, ஒயிலோடு கலந்து பால்தேநீர் நிறத்தில் கூழாகும். ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கும் எத்தனையோ கார்களில் மார்கழி, தை மாதங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். கூழைத் துடைத்துவிட்டு, ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். கம்பியில் ஒயில் தெளிவாக, தன் நிறத்தில் இருந்தால் மூடியில் இருந்தது குளிரின் ஈரம் மட்டுமே. கம்பியிலும் பால் நிறம், கூடவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் அது வேறு கதை.

ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க உறுதியான வழிகள் இருக்கின்றன. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றால் உள்ளே சிக்கிய காற்று. நிற்காமல் வந்துகொண்டேயிருந்து, ரேஸ் பண்ணும்போது கூடினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது. நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று தேயிலைத்தூள் நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

அப்புறம் கம்பிரஷன் அளவு, அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறுகிறது என்று மீற்றர் வைத்துப் பார்ப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், எக்ஸிலேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவு கடல் மட்டத்துக்கு உரியது. நுவரெலியாவில் சிலிண்டருக்குள் போகும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மீற்றர் காட்டும் எண்ணும் அதே அளவில் குறையும். கொழும்பில் 160 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின் இங்கே 125க்கும் 130க்கும் இடையில் காட்டும். அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு "பிஸ்டன் ரிங் போய்விட்டது" என்று எத்தனை எஞ்சினை இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு அது இரண்டு வருஷச் சேமிப்பு. நாலு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நாலும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் என்றதும் பயப்பட வேண்டாம், பல நேரம் இடைவெளி சரிசெய்தாலே வந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது.

அப்படியே இருந்தாலும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. உங்கள் 4கே எஞ்சினில் ஹெட்டை மட்டும் காரிலேயே கழற்றலாம். அலுமினிய ஹெட், சூடேறிய எஞ்சினில் வளைந்திருக்கக்கூடும். நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்காமல் புது கேஸ்கட் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே வேலை.

காலை ஸ்டார்ட்டுக்கு முதலில் பெட்டரி. இரவு நிறுத்தி, காலையில் எதையும் போடாமல் மீற்றர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் அல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. பெட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். காசே செலவில்லாத வேலை, பாதிக் கார்கள் அதிலேயே குணமாகும்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? பனியின் வேலையாக இருக்கலாம். இருட்டிய பிறகு, விளக்கை அணைத்து, பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ பிளக் வயர்களிலோ நீலப்பொறி ஓடினால் அங்கே மின்சாரம் கசிகிறது. மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து, தலைமயிர் அளவுக்கு வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பொயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி 0.45 மில்லிமீற்றர், பிளக்குக்கு 0.8. பொயின்ட் அடிக்கடி கரிந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பிளக் கரிக்கட்டையாக இருந்தால் பெற்றோல் கூடப் போகிறது. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கார்பரேட்டர் இயல்பாகவே கொஞ்சம் கூடக் கொடுக்கும். அதோடு எயார் கிளீனர் அடைத்திருந்தால், அல்லது சோக் முழுக்கத் திறக்காமலிருந்தால், கரி நிச்சயம். சோக்கை இழுத்துவிட்டு எக்ஸிலேட்டரையும் பம்ப் பண்ணுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்டியரிங் உதறல் வேகத்தோடு வந்து வேகத்தோடு போனால் முதலில் வீல் பெலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இரண்டுமில்லையென்றால் முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் போல் ஜொயின்ட் அல்லது பேரிங். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள், ஆட்டம் மறைந்தால் பேரிங். இடம் வலமாக ஆட்டும்போது தெரிந்தால் டை ரொட் எண்ட். நம் ஊரில் சமதரை கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் சரிவில் ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையை நீட்டாதீர்கள். பாடசாலை மைதானத்து ஓரம் போதும்.

கிளட்ச் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலையில் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் நல்லது. அணையாமல் இரைந்துகொண்டேயிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது.

பார்ட்ஸ் வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய பார்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் மறுபடி திறக்கும்வரை பழைய கார்களை ஓட்டியே தீரவேண்டிய நிலை. அந்த வருஷங்களில் தட்டில் கிடந்து காய்ந்த ரப்பர் சாமான்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. பிரேக் ரப்பரை விரலால் மடித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தால் பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். கெலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் கழற்றிய பழையதாக வாங்கினால், உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால் அது கசியும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. இந்த வாரம் பிரேக் ஒயிலும் பின் ட்ரம்மும். அது முடியும்வரை கண்டிக்கு பஸ்ஸில் போங்கள். பிறகு ரேடியேட்டர் மூடி, பெல்ட், தெர்மோஸ்டாட். அதன்பின் ஒருமுறை றம்பொடை ஏறிப் பாருங்கள். முள் எங்கே நின்றது, நாலு சிலிண்டரின் கம்பிரஷன் அளவு என்ன, ஒயில் கம்பியில் என்ன நிறம் என்று மூன்றையும் குறித்து எழுதுங்கள். இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் முறையைப் படிப்படியாக எழுதி அனுப்புகிறேன்.